பைலட் ஆகப் போகிறீர்களா? பணம் கட்டும் முன்னும் வேலையில் சேர்ந்த பின்னும் செய்ய வேண்டியவை

பைலட் லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு அதை வைத்து முப்பது வருடம் பிழைப்பது எப்படி என்பதைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பறக்க அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அவர்களுக்காகத்தான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்: எதை முதலில் செய்வது, எங்கே கையெழுத்துப் போடும் முன் நிற்பது, எங்கே முடியாது என்று சொல்வது. இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில், சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகளின் கீழ், ஏர்லைனிலோ தனியார் ஜெட்டிலோ வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு. விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் பணம் கட்டப்போகும் வாரம் டிஜிசிஏ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: டாக்டரைப் பாருங்கள்

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதி முடிக்கிறார்கள். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அடுத்துப் போக வேண்டிய இடம் பயிற்சிப் பள்ளி இல்லை, டாக்டர்.

டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் எடுங்கள். அது கைக்கு வந்ததும் நின்றுவிடாமல் முதல் வகுப்பு மெடிக்கலையும் எடுத்துவிடுங்கள். பள்ளியில் சேர இரண்டாம் வகுப்பு போதும் என்று ஏஜென்ட் சொல்வார். அது உண்மைதான். ஆனால் கமர்ஷியல் லைசென்ஸ் கைக்கு வர முதல் வகுப்பு வேண்டும். அதில் கண், காது, இசிஜி, ரத்தம், சிறுநீர் என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். நிறக்குறைபாடு உண்டா என்று பார்க்க வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா படங்களைக் காட்டுவார்கள். நாற்பது லட்சம் கட்டி நூறு மணி நேரம் பறந்த பிறகு, அந்தப் படத்தில் எண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. கண்ணாடி போடுவது தடையில்லை, கண்ணாடியோடு பார்வை முழுமையாக இருந்தால் போதும்.

சிலருக்கு ரத்த அழுத்தம், எடை போன்ற காரணங்களால் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதித் தருவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சொன்னதைச் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. பழைய ஆபரேஷனையோ சாப்பிட்ட மாத்திரையையோ மட்டும் மறைக்காதீர்கள். இன்று இல்லாவிட்டாலும் பத்து வருடம் கழித்து அது வெளியே வரும். அப்போது உங்களுக்கு வீட்டுக் கடனும் குழந்தைகளும் இருப்பார்கள்.

இரண்டாம் படி: பெயரும் பரீட்சையும்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால், ஆதாரில் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். டிஜிசிஏவில் கம்ப்யூட்டர் நம்பருக்கு (பரீட்சை எழுத அவர்கள் தரும் அடையாள எண்) விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிறகு மெடிக்கல், லைசென்ஸ், விமான நிலைய நுழைவு அட்டை எல்லாம் அந்தப் பெயரில்தான் வரும். ஒரு எழுத்து மாறினாலும் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பரீட்சைப் பாடங்கள்: ஏர் ரெகுலேஷன் (வான்வழி விதிகள்), நேவிகேஷன் (வழி கணித்தல்), மீட்டியராலஜி (வானிலை), டெக்னிக்கல் ஜெனரல் (விமானங்களின் பொதுத் தொழில்நுட்பம்), டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் (ஒரு குறிப்பிட்ட விமானத்தின் தொழில்நுட்பம்). ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இவை தவிர ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் பரீட்சை தனி. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்திய அந்தச் சான்றிதழை 2024-ல் வந்த புதிய வான்வழிச் சட்டம் டிஜிசிஏ பொறுப்புக்கு மாற்றியது. பறக்கப் போகும் முன்பே முக்கியமான பாடங்களை முடித்துவிட்டால் நல்லது. பகலெல்லாம் ஓடுபாதையில் வெயில் காய்ந்துவிட்டு இரவில் நேவிகேஷன் கணக்குப் போடுவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை.

மூன்றாம் படி: பள்ளியைத் தேர்வு செய்தல்

லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக. 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணம், இரவில் ஏறி இறங்குதல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் எல்லாம் இதற்குள் வரும். இந்தியாவில் படித்தால் தோராயமாக ஐம்பது லட்சத்தை ஒட்டி ஆகிறது. அதற்கு மேல் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங்குக்கு 15 லட்சத்துக்குக் குறையாமல் எடுத்துவையுங்கள். ஏர்லைன் நிறுவனங்களே ஆளெடுத்துப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

ரேபரேலிக்கு அருகே ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசு அகாடமியான இக்ருவாவுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. தனியார் பள்ளிகள் பல ஊர்களில் இருக்கின்றன. 2025 முதல் டிஜிசிஏ பயிற்சி நிறுவனங்களைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதை முதலில் பாருங்கள். ஆனால் அதோடு நிற்காமல் நேரில் போய் இரண்டு நாள் தங்குங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்காதீர்கள், இன்று காலை எத்தனை விமானம் மேலே போனது என்று ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள். போன மாதம் நீ எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேளுங்கள். எல்லாப் பேப்பரும் முடித்து எட்டு மாதமாக விமானத்துக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே இருந்தால் விளம்பரத்தில் போட்டிருக்கும் காலக்கணக்கை நம்ப வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்தை விட்டு விலகுங்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டில் படித்தால் சீக்கிரம் முடியும். வானிலையும் விமான எண்ணிக்கையும் அங்கே சாதகம். ஆனால் திரும்பி வந்து ஏர் ரெகுலேஷனும், நேவிகேஷன்-மீட்டியராலஜி சேர்ந்த ஒரு பேப்பரும் எழுத வேண்டும். அந்த நாட்டு அதிகாரிகள் உங்கள் லைசென்ஸைச் சரிபார்த்து டிஜிசிஏவுக்கு உறுதிசெய்ய வேண்டும். இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான்காம் படி: லைசென்ஸுக்கும் வேலைக்கும் நடுவே

பெரும்பாலான பிள்ளைகள் உடைந்துபோவது இந்த இடைவெளியில்தான். லைசென்ஸ் கையில் இருக்கும், வேலை அறிவிப்பு வராது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகும், மெடிக்கல் காலாவதியாகும், ஒவ்வொன்றையும் புதுப்பிக்கப் பணம் வேண்டும். ஆகவே படிப்புச் செலவைத் திட்டமிடும்போதே ஒன்றரை வருடக் காத்திருப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். அந்தக் காலத்தில், பின்னாளில் கேப்டன் ஆகத் தேவைப்படும் ஏடிபிஎல் லைசென்ஸுக்கான பேப்பர்களைப் படித்து முடிக்கலாம். பள்ளியிலேயே பயிற்றுநர் ரேட்டிங் எடுத்துச் சம்பளத்தோடு மணி நேரம் சேர்க்கிறவர்களும் உண்டு. வசதி இருந்தால் அதுதான் நல்ல வழி என்பது என் கருத்து. சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கே பாடம் விளங்குகிறது.

வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் டைப் ரேட்டிங்கை முன்கூட்டியே எடுக்கும் முன் பலமுறை யோசியுங்கள். எந்த விமானம் என்பதும் பெரிய விஷயம். சென்னையைத் தளமாகக் கொண்டு 2005-ல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் எம்பிரேயர் விமானங்களை ஓட்டியது. 2010-ல் அது நின்றபோது அந்த விமானத்துக்கு ரேட்டிங் வைத்திருந்தவர்களுக்கு உள்நாட்டில் போக வேறு இடம் அரிதாக இருந்தது. ஏ320, 737, ஏடிஆர் 72 போன்று பல நிறுவனங்கள் ஓட்டும் விமானம் என்றால் ஒரு கதவு மூடினாலும் இன்னொன்றைத் தட்டலாம்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

தேர்வானதும் வரும் சந்தோஷத்தில் நாற்பது பக்க ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், கொடுப்பார்கள். ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஐம்பது லட்சம் செலவழித்த குடும்பத்துக்கு அந்த வக்கீல் ஃபீஸ் பெரிதில்லை.

முதலில் பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலை பார்ப்பேன், இடையில் போனால் இவ்வளவு கட்டுவேன் என்ற உறுதி. எத்தனை வருடம், எவ்வளவு தொகை, வருடம் போகப் போகத் தொகை குறையுமா அல்லது கடைசி நாள் வரை முழுத்தொகையா? பயிற்சியை நிறுவனமே நிறுத்தினால் பணம் யாருடையது? சிமுலேட்டரில் ஒருமுறை தவறினால் கூடுதல் வகுப்புக்கு யார் கட்டுவது? இந்தக் கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது நோட்டீஸ் காலம். மற்ற வேலைகளில் ஒரு மாதம், மூன்று மாதம் என்பார்கள். டிஜிசிஏவின் 2017 விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். பைலட் சங்கங்கள் இதை நீதிமன்றத்தில் எதிர்த்து வருகின்றன. 2023-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகியபோது ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை போனது. ஆகவே இன்னொரு இடத்தில் நல்ல சம்பளம் என்று கேட்டதும் ராஜினாமா எழுதிவிட்டுப் போக முடியாது. பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் புதிய இடத்தில் சேர்வதும் சிரமம்.

மூன்றாவது, சம்பளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. மாதம் இத்தனை மணி நேரத்துக்கு உறுதிச் சம்பளம், அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று இருக்கும். நீங்கள் பறக்காத மாதத்திலும் கைக்கு வருவது அந்த உறுதித்தொகைதான். 2024-ல் ஏர் இந்தியாவோடு இணையும் முன் விஸ்தாராவின் புதிய ஒப்பந்தத்தில் அந்த உறுதி 70 மணி நேரத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. பைலட்டுகள் கொதித்தெழுந்தார்கள், ஏப்ரல் மாதம் வரிசையாக விமானங்கள் ரத்தாயின. ஆக, சம்பளச் சீட்டில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் உறுதித்தொகை எவ்வளவு என்று பாருங்கள். வங்கித் தவணையை அந்தத் தொகைக்குள் அடக்குங்கள்.

ஆறாம் படி: முதல் வருடப் பழக்கங்கள்

சிமுலேட்டர், ஸ்கில் டெஸ்ட், உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் பேஸ் டிரெய்னிங், பயணிகள் இருக்கும் விமானத்தில் பயிற்சிக் கேப்டனோடு லைன் டிரெய்னிங் என்று போய் ஒருநாள் ‘ரிலீஸ்’ ஆவீர்கள், அதாவது பயிற்சி முடிந்து வழக்கமான டூட்டிக்கு வருவீர்கள். அதோடு பரீட்சைகள் முடிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் சோதனை வேலை முடியும் வரை தொடரும். 90 நாளுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்திராவிட்டால் பயணிகளோடு பறக்கத் தகுதி போய்விடும். ஆங்கிலத் தகுதியில் நான்காம் நிலை வாங்கியவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லாக் காலாவதித் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி நீங்களே கண்காணியுங்கள். அலுவலகம் நினைவூட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் பறப்பு நேரம் இருந்தாலும் உங்கள் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். கேப்டன் ஆக ஏடிபிஎல் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம். இரவு நேரம், கருவி நேரம் எல்லாம் தனித்தனியாகக் காட்டச் சொல்வார்கள். அன்று உட்கார்ந்து ஐந்து வருடக் கணக்கைத் தேடுவது பெரும் வேதனை.

அப்புறம் மது குடித்திருக்கிறீர்களா என்று மூச்சை வைத்துப் பார்க்கும் பிரீத்தலைசர். டூட்டிக்கு முன் ஊத வேண்டும், அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்ஜியம். பறப்பதற்கு 12 மணி நேரத்துக்குள் மது கூடாது என்பது விதி. ஆனால் பூஜ்ஜியம் என்றால் முந்தைய இரவின் மிச்சமும் கணக்குதான். மாட்டினால் முதல் தடவை மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம், இரண்டாம் தடவை மூன்று வருடம், அதன் பின் ரத்து. குடிக்காதவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், இருமல் சிரப், ஹோமியோபதித் துளிகள் ஆகியவற்றைப் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள். சளி பிடித்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல் விமானத்துறை டாக்டரிடம் கேளுங்கள். மூக்கடைப்போடு பறந்து காதைக் கெடுத்துக்கொள்வதைவிட ஒருநாள் லீவு சொல்வது மேல்.

ஏழாம் படி: ரோஸ்டரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ரோஸ்டரில், அதாவது டூட்டி அட்டவணையில், எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மணிகளை. காலை 5:15-க்குப் புறப்படும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். 4:15-க்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், 3:15-க்குக் கார் வாசலில் நிற்கும், 2:30-க்கு எழ வேண்டும். முழுத் தூக்கம் வேண்டுமென்றால் மாலை ஆறரைக்கே படுக்க வேண்டும். எந்த வீட்டில் அது நடக்கும்? குழந்தை வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கும், தெருவில் கோயில் ஒலிபெருக்கி ஓடும். ஒன்பது மணிக்குத்தான் கண் சொருகும். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு நான்கு செக்டார் (ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்குவது ஒரு செக்டார்) பறந்து நடுப்பகலில் ஹோட்டலில் இறங்கினால் வெளிச்சத்தில் தூக்கம் வராது. மறுநாளும் இதே என்றால் மூன்றாம் நாள் கை தானாக வேலை செய்யும், மனம் அங்கே இருக்காது. அதிகாலை 2 முதல் 6 வரை உடல் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் என்று டிஜிசிஏ விதியே தனியாகக் குறித்து வைத்திருக்கிறது.

எல்லைகளை மனப்பாடம் செய்யுங்கள். ஏழு நாளில் 35 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, ஒரு வருடத்தில் 1,000 மணி நேரம். அடுத்த டூட்டிக்கு முன் ஓய்வு குறைந்தது 12 மணி நேரம், முந்தைய டூட்டி அதைவிட நீளம் என்றால் அவ்வளவு. 2024 ஜனவரியில் வந்த திருத்தத்தில் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது காலை 5 மணிக்குப் பதில் 6 வரை நீண்டது. இரவு டூட்டியில் ஆறு லேண்டிங் வரை இருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, விதி தள்ளிப்போனது, பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து, விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்து கிடந்ததை நாடே பார்த்தது. புதிய விதிக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்து வைக்காததே முக்கியக் காரணம் என்று டிஜிசிஏ தன் நோட்டீஸிலேயே குறிப்பிட்டது. பிறகு அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகத் தளர்வும் கிடைத்தது. பைலட் தூங்கும் உரிமைக்காக இவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

விதிக்கு உட்பட்ட ரோஸ்டரும் உங்களைச் சோர்வடைய வைக்கலாம். சோர்வாக இருந்தால் சோர்வு அறிக்கை எழுதுங்கள். வயிற்றுவலி என்று பொய்யாகச் சிக் லீவு போடாதீர்கள். போட்டால் அது உங்கள் உடம்பின் குறையாகப் பதிவாகும், ரோஸ்டரின் குறை யாருக்கும் தெரியாமலே போய்விடும். அறிக்கையில் உணர்ச்சி வேண்டாம். எந்த டூட்டி, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கடந்த மூன்று நாளில் எவ்வளவு தூங்கினீர்கள், எந்த வேலையில் கவனம் தவறியது என்று மட்டும் எழுதுங்கள். ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஓர் அறையை இருட்டாக்க முடிந்தால் செய்யுங்கள். கனமான திரைச்சீலைக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது. அதிகாலை டூட்டி வாரத்தில் வேறு யாராவது அழைப்பு மணியைப் பார்த்துக்கொள்ளட்டும். குடும்பத்தாரிடம் இதை முதல் மாதமே பேசி வையுங்கள்.

எட்டாம் படி: வலது இருக்கையிலிருந்து பேசுங்கள்

வலது இருக்கை கோ-பைலட்டுடையது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். கேப்டன் பயணத்தில் நீண்ட நேரம் தூங்கியதும், தூக்கக் கலக்கம் அவர் முடிவுகளைப் பாதித்ததும் விசாரணையில் வந்தன. மீண்டும் மேலெழுந்து சுற்றி வரச் சொல்லி கோ-பைலட் கூறியது குரல் பதிவில் இருந்தது. பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, அதே நிறுவனத்தின் விமானம் மழையில் கோழிக்கோட்டில் பின்காற்றோடு இறங்கி, ஓடுபாதையில் பாதித் தூரத்தை ஒட்டிய இடத்தில் தரையைத் தொட்டு, மேட்டிலிருந்து விழுந்தது. இரண்டு பைலட்டுகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை விமானத்தை எடுக்க வேண்டியிருந்ததால், எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் கேப்டனை உந்தியிருக்கிறது என்று விசாரணை அறிக்கை சொன்னது. அங்கும் கோ-பைலட்டின் குரல் பதிவில் இருந்தது, பலன் இல்லை.

இந்த இரண்டு அறிக்கைகளையும் ஒவ்வொரு புதிய கோ-பைலட்டும் முழுசாகப் படிக்க வேண்டும். நம் ஊரில் மூத்தவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்க்கிறார்கள். காக்பிட்டில் மரியாதையோடு, ஆனால் தெளிவாக, விதியில் உள்ள வார்த்தையால் பேசிப் பழகுங்கள். ‘சார், கொஞ்சம் ஹையா இருக்கோம்னு நினைக்கிறேன்’ என்று இழுக்காமல், ‘அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்’ (இறக்கம் சீராக இல்லை, மேலெழுந்து சுற்றி வருவோம்) என்று இரண்டே சொல்லில் முடியுங்கள். மேகத்துக்குள் இறங்கும்போது ஆயிரம் அடியில் வேகம், உயரம், இறங்கு வீதம் எல்லாம் சரியாக இல்லையென்றால் மேலே போய்விட வேண்டும். ஒருமுறை சொல்லிப் பதில் இல்லையென்றால் மறுபடி சொல்ல வேண்டும், அப்போதும் இல்லையென்றால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் நடைமுறை உங்கள் கையேட்டில் இருக்கும். அதைச் சிமுலேட்டரில் கேட்டு வாங்கிப் பயிற்சி செய்யுங்கள். டூட்டி தொடங்கும் முன் பிரீஃபிங்கிலேயே ‘சார், ஏதாவது தவறாகப் பட்டால் சொல்லிவிடுவேன்’ என்று சொல்லி வைப்பது நல்ல பழக்கம். நல்ல கேப்டன்கள் அதைக் கேட்டு மகிழ்வார்கள்.

ஒன்பதாம் படி: தனியார் ஜெட் பக்கம் போகிறீர்கள் என்றால்

சார்ட்டர் (வாடகை விமானம்), கார்ப்பரேட் (நிறுவனங்களின் சொந்த விமானம்) வேலையில் சின்ன நிறுவனம், இரண்டு மூன்று விமானம், கிங் ஏர், லியர்ஜெட், சைட்டேஷன் போன்றவை. ஏர்லைனில் வானிலை அறிக்கை, எரிபொருள் கணக்கு, பயணத்திட்டம் எல்லாம் தயாராக மேசைக்கு வரும். இங்கே எரிபொருளுக்குப் பணம் கட்டுவதிலிருந்து முதலாளியின் சாப்பாட்டுக் கூடையைச் சரிபார்ப்பது வரை உங்கள் தலையில் விழலாம். இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் ‘காலை ஆறு மணிக்கு டேக்-ஆஃப்’ என்று செய்தி வரும். ஓய்வு நேரக் கணக்கு இங்கேயும் பொருந்தும். அதைப் பார்த்து நினைவூட்ட ரோஸ்டர் அலுவலகம் பல இடங்களில் இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை: நிறுவனத்துக்கு நான்-ஷெட்யூல்ட் பெர்மிட் (கால அட்டவணை இல்லாமல் வாடகைக்கு ஆளேற்றிப் பறப்பதற்கான அனுமதி) உண்டா, அல்லது தனிப்பட்ட உபயோகத்துக்குப் பதிவான விமானத்தில் காசு வாங்கி ஆளேற்றுகிறார்களா? இரண்டாவது என்றால் அன்றே திரும்பி வந்துவிடுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் பணம் தர மறுக்கலாம், லைசென்ஸும் போகலாம். இதற்கு முன் இருந்த பைலட் ஏன் போனார் என்று விசாரியுங்கள். பயணத்தை ரத்து செய்யும் முடிவு யாருடையது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். ‘கேப்டனுடையது’ என்று தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம்.

இந்தப் பக்கத்தின் பெரிய ஆபத்து வானிலையும் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் அவசரமும்தான். மாதவராவ் சிந்தியா 2001-ல் போன கிங் ஏர் மோசமான வானிலையில் விழுந்தது. 2009-ல் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டரும் மழை மேகத்தில் சிக்கித்தான் விழுந்தது. 2023 செப்டம்பரில் விசாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு லியர்ஜெட் மும்பையின் கனமழையில் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. நல்லவேளையாக அதில் எட்டுப் பேரும் பிழைத்தார்கள். தேர்தல் சமயத்தில் ஒரே நாளில் ஐந்தாறு இடம் என்று போடுவார்கள். ஒவ்வொரு கூட்டமும் அரைமணி நேரம் தாமதமாகும், கடைசி இடத்தில் இரவு விளக்கு இருக்காது. இதற்கு ஒரே வழி காலையிலேயே எழுத்தில் கொடுத்துவிடுவது: இந்த இடத்திலிருந்து இத்தனை மணிக்குள் கிளம்பாவிட்டால் இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது, காரில்தான் போக வேண்டும். சூரியன் மறையும் நேரத்தை ஒவ்வொரு இடத்துக்கும் எழுதி, நீங்கள் அழைத்துப்போகும் தலைவரின் உதவியாளர் கையில் கொடுங்கள். மாலையில் வாக்குவாதம் செய்வதைவிடக் காலையில் கொடுத்த தாள் நன்றாக வேலை செய்கிறது.

பத்தாம் படி: நிறுவனமோ உடம்போ கைவிட்டால்

கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். சம்பள பாக்கியோடு நடுத்தெருவில் நின்ற கேப்டன்களில் இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் இருந்தார்கள். சம்பளம் தாமதமாக ஆரம்பித்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் தள்ளிப்போனதுமே உங்கள் பயிற்சிப் பதிவுகள், சிமுலேட்டர் சோதனைத் தாள்கள், பறப்பு நேரச் சான்று ஆகியவற்றின் கையொப்பமிட்ட பிரதிகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நிறுவனம் மூடிய பிறகு கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.

உடம்பு விஷயத்தில், லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுங்கள். இளவயதில் பிரீமியம் குறைவு. நிறுவனம் கொடுக்கும் காப்பீடு எவ்வளவு, எந்த நோய்க்கு உண்டு, மனநலக் காரணத்துக்குப் பொருந்துமா என்று பாலிசியைப் படித்துவிட்டு மீதிக்குத் தனியாக எடுங்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை, வீட்டுப் பிரச்சினை என்று வரும்போது மெடிக்கல் போய்விடுமோ என்ற பயத்தில் பைலட்டுகள் வாய் திறப்பதில்லை. 2015-ல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் 150 பேர் இறந்த பிறகு உலகெங்கும் சக பைலட்டுகளே ரகசியமாகப் பேசி உதவும் அமைப்புகள் வளர்ந்தன. டிஜிசிஏவும் அதை வலியுறுத்தியிருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அது யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த எண்ணில் அழைப்பது என்று சேர்ந்த மாதமே கேட்டுப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம். 60 தாண்டிய பிறகு பக்கத்தில் இருப்பவர் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். 25 வயதில் சேர்ந்தால் நாற்பது வருடம். ஏர்லைன் சம்பளத்தைப் பார்த்துப் பெரிய கார் வாங்கும் முன் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். பயிற்சிக் கடனை முடிந்தவரை முதல் ஐந்து வருடத்திலேயே அடைத்துவிடப் பாருங்கள். கடன் இல்லாத பைலட்டுக்கு மோசமான ஒப்பந்தத்தை மறுப்பதும், மோசமான வானிலையில் பறக்க மாட்டேன் என்பதும் சுலபம்.